நெய்யாற்றுச் சிங்கங்கள் எங்கே போயின?

பாறசாலைக்காரத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "சின்ன வயதில் நெய்யாறு அணைக்குப் போனால் கூண்டு வண்டியில் ஏறிச் சிங்கம் பார்ப்போம். இப்போது அங்கே ஒன்றுகூட இல்லை. பூனை மாதிரி ஒரே ஈற்றில் மூன்று நான்கு குட்டி போடுகிற மிருகம் எப்படி அற்றுப்போகும்? நம் ஆட்களுக்கு வளர்க்கத் தெரியவில்லையா? தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்தாவது காப்பாற்றியிருக்கலாமே? வெள்ளைப்புலியையும் அப்படியே பெருக்கலாமே?"

எனக்குக் களியக்காவிளை. மிருகசாலை ஒன்றில் (பெயர் வேண்டாம்) இருபத்துச் சொச்சம் வருடம் கீப்பராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் சிங்கம், புலி, சிறுத்தைக் கூண்டுப் பக்கம்தான். டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர் சொல்லட்டும். தினமும் கூண்டு கழுவியவன் பார்த்ததையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் நெய்யாறு. 1980களின் நடுவில் அணைக்கட்டு நீர்த்தேக்கத்தின் கரையில் நாலு சிங்கத்தோடு அந்தச் சஃபாரி பூங்கா தொடங்கியது. சில வருடங்களில் எண்ணிக்கை பதினாறு வரை போனது. இருந்த இடமோ பத்து ஏக்கர் சுற்றுவட்டாரம்தான். ஆகவே ஆண்களுக்குக் கருத்தடை செய்தார்கள். அப்புறம் வயதாகி ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கியபோது ஈன்று நிரப்ப எதுவும் இல்லை. 2019ல் குஜராத்திலிருந்து நாகராஜ், ராதா என்று ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. 2021ல் பிந்து என்ற கடைசிப் பெண் சிங்கமும் செத்தது.

இதைப் படித்ததும் "கருத்தடை செய்ததுதான் தப்பு" என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லா ஆண்களுக்கும் ஒன்றாகச் செய்துவிட்டு, அடுத்த பத்து வருடத்துக்கு எந்தச் சிங்கம் எங்கிருந்து வரும் என்று அப்போதே ஏற்பாடு செய்யாததுதான் தப்பு.

நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறான விஷயம் ஒன்று சொல்கிறேன். சிங்கத்தைக் கூண்டில் ஈன வைப்பது பெரிய வித்தையே இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் மிருகசாலையில் 2,000 சிங்கங்களுக்கு மேல் பிறந்திருக்கின்றன. அந்தப் பூங்காவுக்கே "சிங்கத் தொழிற்சாலை" என்று பட்டப்பெயர் உண்டு. நம் சர்க்கஸ்காரர்கள் டென்ட் அடித்த ஊரிலெல்லாம், தகரக் கூண்டுக்குள் சிங்கத்தை ஈன வைத்தவர்கள். பெண் சிங்கம் பருவத்துக்கு வந்தால் நாலைந்து நாள் கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை இணைசேரும். இணைசேர்ந்த பிறகுதான் இந்த இனத்தில் பெரும்பாலும் கருமுட்டையே வெளிவரும், அதனால்தான் அத்தனை தடவை. சினைக்காலம் சிங்கத்துக்கு ஏறக்குறைய 110 நாள், புலிக்கு 103, 105 நாள். மாடு ஒன்பது மாதம் சுமக்கிறது, எருமை பத்து மாதம். இவ்வளவு பெரிய மிருகம் நாலு மாதம்கூடச் சுமப்பதில்லை. குட்டிகள் செத்துப்போனால் சில வாரங்களிலேயே தாய் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடும்.

ஆக, பிறப்பது கஷ்டமில்லை. பிறந்ததற்குச் சோறு போடுவதுதான் கஷ்டம். வளர்ந்த சிங்கம் ஒன்றுக்கு நாளுக்கு 7 கிலோ மாட்டிறைச்சி, வாரத்தில் ஒருநாள் பட்டினி என்று வைத்துக்கொள்வோம் (பட்டினி தண்டனை இல்லை, காட்டில் தினமும் இரை கிடைக்காது, குடலுக்கும் ஓய்வு வேண்டும்). வாரத்துக்கு 42 கிலோ. வருடத்துக்கு 2,184 கிலோ. கூண்டில் பதினாறு வருடம் வாழ்ந்தால் ஒரு சிங்கத்துக்கு 35 டன். ஒரு ஈற்றில் மூன்று குட்டி என்றால் நூறு டன்னைத் தாண்டும். கேரளப் பக்கம் மாட்டிறைச்சி கிடைப்பதில் சிக்கல் இல்லை, டெண்டர் விட்டால் ஆள் வரும். இடத்துக்கு யார் டெண்டர் எடுப்பார்கள்? இரண்டு ஆண் குட்டிகள் மூன்று வயது தாண்டினால் அப்பனோடு சேர்த்து விட முடியாது. தனிக் கூண்டு, தனி வெளிமுற்றம், தனி ஆள். 1885ல் தொடங்கிய திருச்சூர் மிருகசாலை ஊருக்கு நடுவில் நெருக்கடியில் கிடந்து, இப்போதுதான் புத்தூரில் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட இடத்துக்கு மாறியிருக்கிறது. அங்கேகூட வயநாட்டில் ஊருக்குள் வந்து பிடிபடும் புலிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். காட்டிலிருந்தே வரிசையில் நிற்கும்போது கூண்டுக்குள் எதற்குப் பெருக்குவது?

அடுத்தது, எதை எதோடு சேர்ப்பது. இது மாப்பிள்ளை பார்க்கிற வேலை மாதிரிதான், ஜாதகத்துக்குப் பதில் வம்சப் பதிவேடு. எந்தக் குட்டி எந்தத் தாய் தகப்பனுக்கு, எந்த ஊரில், எந்த நாளில் பிறந்தது என்று அதில் இருக்கும். இது ஒழுங்காக இல்லாமல் பட்ட அடி பெரிது. அமெரிக்காவில் ஆசியச் சிங்கத்துக்கென்று (நம் குஜராத் கீர் காட்டுச் சிங்கம்தான்) ஒரு வளர்ப்புத் திட்டமே நடத்தினார்கள். 1987ல் மரபணு பார்த்தால், வம்சத்தைத் தொடங்கி வைத்த ஐந்து சிங்கங்களில் இரண்டுக்கு ஆப்பிரிக்க இரத்தம். அதுவரை பிறந்த குட்டிகளில் பெரும்பாலானவை கலப்பு. திட்டத்தையே மூடிவிட்டார்கள். இங்கே சண்டிகருக்குப் பக்கத்துச் சத்பீர் பூங்காவிலும் அதே கதை. சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்க இரத்தமும் கீர் சிங்கமும் கலந்து எழுபது எண்பது வரை பெருகி, அப்புறம் சவலையும் நோயுமாக வரிசையாகச் செத்தன. கடைசியில் அங்கேயும் இனப்பெருக்கத்தை நிறுத்த வேண்டி வந்தது.

சர்க்கஸ் என்றதும் ஒன்று. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றை வித்தை காட்ட வைக்கக்கூடாது என்று 1998ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. சர்க்கஸுக்குப் பேர்போன தலைச்சேரி இருக்கிற மாநிலம் அல்லவா, வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தில்தான் நடந்தது. 2000ல் தடை செல்லும் என்று தீர்ப்பு, 2001ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அப்படி விடுபட்ட சிங்கங்களுக்குத் திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேர்கட்டா, வண்டலூர் போன்ற இடங்களில் மறுவாழ்வு மையங்கள் வந்தன. அந்தச் சிங்கங்கள் ஆயுள் முடியும் வரை சாப்பிட்டு, வெயில் காய்ந்து, படுத்திருக்கலாம். குட்டி போடக்கூடாது. கலப்பு இரத்தம் அவற்றோடு முடியட்டும் என்பதுதான் கணக்கு. அன்றைக்கு எனக்கு அது கொடுமையாகப் பட்டது. இப்போது சரி என்றே படுகிறது.

கருத்தடையிலும் நுணுக்கம் உண்டு. ஆண் சிங்கத்துக்கு விதை எடுத்தால் பிடரி மயிர் உதிர்ந்துபோகும், பார்க்கப் பெண் மாதிரி ஆகிவிடும். அதனால் விந்து நாளத்தை மட்டும் வெட்டிக் கட்டுவார்கள். பிடரி அப்படியே இருக்கும், சேர்க்கையும் நடக்கும், குட்டி மட்டும் வராது. பெண்ணுக்கு ஒருவகை ஹார்மோன் மருந்தை முன்பெல்லாம் உடம்புக்குள் பதித்து வைத்தார்கள், அதனால் கருப்பையில் கட்டியும் புற்றும் வந்தது என்று பிறகு தெரிந்தது. எதுவுமே செய்யாமல் வருடக்கணக்கில் தனியாக வைத்தாலும் கருப்பையில் சீழ் கோக்கிற நோய் வரும். பெண் புலி ஒன்று இரண்டு நாள் தீனி தொடாமல் தண்ணீர்த் தொட்டியையே காலி செய்துகொண்டிருந்தால் என் மனதில் முதலில் வருவது அந்தச் சீழ்தான். டாக்டருக்குப் போன் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

சரி, பதிவேடு பார்த்து, இடமும் இருந்து, ஒரு ஜோடியைச் சேர்ப்பது என்று முடிவாகிவிட்டது. உடனே கதவைத் திறந்து விடக்கூடாது. வாரக்கணக்கில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு. நடுவில் கம்பி. முகர்ந்து பார்க்கட்டும். புலி என்றால் மூக்கால் "ஃபுர்ர்... ஃபுர்ர்" என்று ஒரு சத்தம் கொடுக்கும், அது சமாதானச் சத்தம். இரண்டு பக்கமும் அந்தச் சத்தம் வந்து, பெண் கம்பியோரம் உருண்டு புரண்டால் பாதி வேலை முடிந்தது. சிங்கம் கொஞ்சம் கூட்டத்தோடு வாழ்கிற ஜாதி, சமாளிக்கலாம். சிறுத்தையைத்தான் நம்பக்கூடாது. எங்கள் இடத்தில் ஒருமுறை மேலிடத்து அவசரத்துக்காக நாலே நாளில் சிறுத்தை ஜோடியைச் சேர்த்தார்கள். நான் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பீய்ச்சி அடித்தும் பிரிக்க முடியவில்லை. பெண்ணின் கழுத்தில் விழுந்த பல் எடுபடவே இல்லை. பதிவேட்டில் "சண்டையில் மரணம்" என்று ஒரு வரி எழுதினார்கள்.

இனி ஈற்று. தேதி நெருங்கும்போது ஆணைப் பிரித்துவிடுவோம். தாய்க்கு இருட்டான சின்ன அறை, மரப்பலகை, காய்ந்த வைக்கோல். வழக்கமாகப் போகிற ஒரே கீப்பர் மட்டும் போவார். அவரும் தண்ணீரும் தீனியும் வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். சென்ட் போட்டுக்கொண்டு போகக்கூடாது, பீடி நாற்றம் கூடாது, புது பினாயில் கூடாது. இப்போது கேமரா இருக்கிறது, அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். எங்கள் காலத்தில் சுவரில் காதை வைத்துக் கேட்பதுதான். குட்டிகள் முனகிவிட்டு அடங்கினால் பால் குடிக்கின்றன என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கத்தல் நிற்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை.

தாய் குட்டியைத் தின்றுவிடும் என்பது உண்மைதான், நடக்கும். தலையீற்றில் அதிகம். குட்டி நோஞ்சானாக, உடம்பு சில்லென்று ஆகிக் கிடந்தால் அதை அவள் குட்டியாகவே எண்ணுவதில்லை. பக்கத்தில் கட்டட வேலை, வெடிச்சத்தம், மந்திரி வருகை என்றால் வாயில் கவ்விக்கொண்டு அறை முழுக்க அலைவாள். ஒளித்து வைக்க இடம் கிடைக்காமல் அலைந்து அலைந்து, கழுத்தில் பல் இறங்கிவிடும். இரண்டு அறை கொடுத்தால் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறைகிறது. ஒரு அறையில் பயந்தால் இன்னொன்றுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அமைதியாகிவிடுவாள். ஒரு தடுப்புச் சுவர், ஒரு கதவு, அவ்வளவுதான் செலவு. அதைக் கேட்டு நாலு வருடம் எழுதிக்கொடுத்தோம்.

புட்டிப்பால் விஷயத்துக்கு வருகிறேன். குட்டி பிறக்கும்போது ஒன்றரைக் கிலோ இருக்கும், கண் மூடியிருக்கும், திறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். முதல் நாள் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது கிடைக்காமல் பிரித்து எடுத்த குட்டியை வளர்ப்பது, வேலி இல்லாத பறம்பில் வாழைக்கன்று வைக்கிற மாதிரி. அப்புறம் என்ன பால் கொடுப்பது? பசும்பால் போதாது. பூனை ஜாதியின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட மிக அதிகம், சர்க்கரை குறைவு. பசும்பாலைக் கொடுத்தால் முதலில் பேதி, அப்புறம் வளர்ச்சி நின்றுபோகும். பூனைக்குட்டிக்கென்றே வருகிற பால்பவுடர்தான் ஓரளவு சரி. அதிலும் சில அமினோ அமிலங்கள் குறைந்தால் கண்ணில் புரை விழும். எங்களிடம் ஒரு புலிக்குட்டிக்கு விழுந்தது. வளர்ந்து, ஐந்து வயதில் உடம்பு மலை மாதிரி, ஆனால் தீனித் தட்டை முகர்ந்துதான் கண்டுபிடிக்கும்.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால், ராத்திரியும் சேர்த்து. மனுஷக் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்கக்கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற, தலை சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாலுக்குப் பிறகு, வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கம் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரமும் மலமும் போகும், தானாகப் போகாது. இது தெரியாமல் வயிறு உப்பிச் செத்த குட்டிகள் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் எடை. ஒருநாள் எடை ஏறவில்லை என்றாலே எனக்குத் தூக்கம் வராது. பொங்கல், ஓணம், பிள்ளையின் பிறந்தநாள் எல்லாம் அந்தத் தராசுக்குப் பக்கத்தில்தான் போயிற்று.

இவ்வளவும் செய்து பிழைக்க வைத்தாலும் பிரச்சினை தீரவில்லை. நான் கையில் வளர்த்த பெண் சிங்கம் ஒன்று. தாய் ஒதுக்கிவிட்டதால் எடுத்தோம், வேறு வழி இல்லை. மூன்று வயதில் நல்ல ஆண் ஒன்றைப் பக்கத்துக் கூண்டில் விட்டோம். அது முகர வந்தால் இவள் மூலையில் ஒண்டிக்கொள்வாள். என் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் எழுந்து வந்து கம்பியில் உரசுவாள். சிங்கத்தோடு எப்படிப் பழகுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை, நான்தான் இருந்தேன். கடைசி வரை அவள் ஈனவில்லை. ஆகவே தாய் செத்துவிட்டால், பால் இல்லையென்றால், ஒதுக்கிவிட்டால் மட்டும் புட்டி. முடிந்தால் ஒற்றைக் குட்டியாக வளர்க்காமல் இன்னொரு குட்டியோடு சேர்த்து வளர்க்க வேண்டும். "பார்க்க ஆசையாக இருக்கும், போட்டோ எடுக்கலாம்" என்பதற்காகப் பிரித்தெடுப்பவனை வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

எட்டு வாரம் வாக்கில் கறி நக்கத் தொடங்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாசத்தால் எலும்பு நீக்கிய நல்ல கறியாகப் பார்த்துப் போடுவார்கள். தனிக் கறியில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்புச் சத்து அதில் பதினைந்து, இருபதில் ஒரு பங்குதான். அது போதாமல் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உறிஞ்சும். எங்கிருந்தோ மீட்டு எங்களிடம் கொண்டுவந்த சிறுத்தைக்குட்டி ஒன்று, நாலு மாதம், கொழுகொழுவென்று இருந்தது. திண்ணை உயரத்திலிருந்துதான் குதித்தது. பின்னங்கால் முறிந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு சாம்பல் நிறப் புகை மாதிரி தெரிந்தது. எலும்போடு கூடிய கோழி, சுண்ணாம்புச் சத்துப் பொடி, வாரத்தில் கொஞ்சம் ஈரல் என்று கொடுத்திருந்தால் நடந்திருக்காது. ஈரல் ஏனென்றால், கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ளப் பூனை ஜாதியால் முடியாது, தயாராக வேண்டும். அது குறைந்த சிங்கக்குட்டி தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி தள்ளாடும். ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது.

நோய்களைப் பற்றி எழுதினால் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும்: வேலிக்கு வெளியே சுற்றும் தெருநாயும் பூனையும் சின்ன விஷயம் இல்லை. நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ்தான் 1994ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொண்டுபோனது. 2018ல் கீரிலும் அது புகுந்தது. 2021 ஜூனில் வண்டலூரில் கொரோனாவுக்குச் சிங்கங்கள் செத்தது உங்களுக்கே நினைவிருக்கும். கூண்டைத் தாண்டி வருகிற நோய்க்குப் பார்வையாளர், கீப்பர் என்ற வித்தியாசம் தெரியாது.

வெள்ளைப்புலி. அது தனி இனம் இல்லை, நம் வங்கப்புலியேதான், நிறம் மட்டும் பிசகியது. 1951ல் ரீவா மகாராஜா மோகன் என்ற வெள்ளை ஆண்குட்டியைக் காட்டில் பிடித்தார். சாதாரணப் புலியோடு சேர்த்தபோது எல்லாம் மஞ்சள் குட்டிகள். பிறகு அந்த ஈற்றில் பிறந்த மகள் ராதாவோடு அவள் தகப்பனையே சேர்த்தார்கள், 1958ல் நாலு வெள்ளைக் குட்டி. இன்று உலகத்துக் கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கேதான். மாறுகண், சவலை, குறைப்பிறவி என்று ஏன் இத்தனை வருகிறது என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டம் சேர்க்கும் என்பதைத் தவிர அதைப் பெருக்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியாது.

நெய்யாறு மூடிவிட்டது என்று வருத்தப்படாதீர்கள் தம்பி, திருவனந்தபுரம் மிருகசாலை பக்கத்தில்தான் இருக்கிறது. 2023 ஜூனில் திருப்பதியிலிருந்து லியோ, நைலா என்று ஒரு ஜோடி அங்கே வந்தது. கூடவே வந்த அனுமன் குரங்கு ஒன்று தப்பிப் போய் ஊரே மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தது, சிங்கம் வந்த செய்தி அதில் அமுங்கிவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலையில் திறந்தவுடன் போங்கள், வெயில் ஏறிவிட்டால் படுத்துவிடும். எந்த மிருகசாலையிலாவது பெண் சிங்கத்தின் கூண்டுப் பக்கம் தட்டி கட்டி மறைத்து, "இந்த வழி இல்லை" என்று கயிறு போட்டிருந்தால் கீப்பரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உள்ளே குட்டி இருக்கலாம். பேசாமல் காண்டாமிருகத்தைப் பார்க்கப் போய்விடுங்கள்.